முன்னோர் நிழல்: மிகைபுனைவு நாவலும் ஒற்றுமை குறித்த அச்சமும்

மிகைபுனைவு நாவல் எழுதத் தொடங்கும் ஒருவர் நான்காவது அத்தியாயத்தில் நின்றுவிடுவதற்குச் சோம்பல் மட்டுமே காரணமல்ல. பல நேரங்களில் அவர் அதற்குள் வேறொரு புத்தகத்தைப் படித்திருப்பார். தாம் கண்டுபிடித்ததாக எண்ணிய மந்திரப் பள்ளி அதில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும். தம்முடைய முதிய வழிகாட்டி அங்கே வேறு பெயரில், அதே தாடியுடன் உலவிக்கொண்டிருப்பார். எழுதியவரைக்கும் இழுப்பறைக்குள் போய்விடும். ஆங்கிலத்தில் 'ஃபேன்டஸி' என்று வழங்கும் இந்த வகைமையில் இவ்வச்சம் மற்ற வகைமைகளைவிட அதிகம். குடும்ப நாவலில் மாமியார் வந்தால் யாரும் அதைத் திருட்டு என்பதில்லை. டிராகன் வந்தால் மட்டும் கேள்வி எழுகிறது. மாமியார் உலகத்தில் இருக்கிறார், டிராகன் புத்தகங்களில் மட்டுமே இருக்கிறது என்பதே காரணம்.

இந்த அச்சத்தில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. இது சட்டப்படி குற்றமாகுமா என்பது ஒன்று. இப்படி ஒரு நூல் தேவைதானா என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. இரண்டாவதுதான் கடினமானது, விமரிசனத்துக்கு உரியதும் அதுவே.

சட்டத்தின் அளவுகோல்

இந்தியாவில் இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படும் தீர்ப்பு, ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் அளித்தது. 'ஹம் ஹிந்துஸ்தானி' என்ற தம் நாடகத்தைத் தழுவியே 1956இல் வந்த 'நியூ டெல்லி' படம் எடுக்கப்பட்டது என்பது ஆனந்தின் புகார். இரண்டிலும் பஞ்சாபிக் குடும்பமும் மதராஸிக் குடும்பமும் உண்டு, நடுவில் காதலும் மாநிலப் பற்றும் உண்டு. நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. கருத்து, கருப்பொருள், கதைக்கரு, புராண வரலாற்றுச் செய்திகள் ஆகியவற்றின் மேல் யாருக்கும் பதிப்புரிமை கிடையாது. அவற்றை ஒருவர் சொல்லும் வடிவம், அடுக்கும் முறை, வெளிப்பாடு ஆகியவற்றுக்கே பாதுகாப்பு. இரண்டையும் பார்த்த ஒருவருக்கு இது அதன் நகல்தான் என்ற எண்ணம் ஐயமின்றி ஏற்படுகிறதா என்பதே சோதனை.

அமெரிக்காவில் நான்சி ஸ்டௌஃபர் என்பவர் ஹாரி பாட்டர் நூல்களுக்கு எதிராக உரிமை கோரியபோது நடந்ததும் மாணவர்கள் அறிய வேண்டியது. 'மகிள்ஸ்' என்ற சொல்லைத் தாமே முன்பு பயன்படுத்தியதாக அவர் வாதிட்டார். 2002இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அவர் காட்டிய சான்றுகளில் சில திருத்தப்பட்டவை என்று கண்டு, அவருக்கே 50,000 டாலர் தண்டம் விதித்தது.

ஆகவே மந்திரக்கோல், தீர்க்கதரிசனம், அனாதைச் சிறுவன், இருண்ட கோட்டை ஆகியவற்றை எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் வழக்கில் வெல்லக்கூடிய நாவல் நல்ல நாவலாக இருந்தாக வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் சொன்னதில்லை.

ஷன்னாராவின் வாள்

ஒற்றுமை பற்றிய பேச்சில் தவறாமல் எடுத்துக்காட்டப்படும் நூல் டெர்ரி புரூக்ஸ் எழுதி 1977இல் வெளிவந்த 'தி ஸ்வோர்ட் ஆஃப் ஷன்னாரா'. ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 1954-55இல் மூன்று பகுதிகளாக வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஏற்படும் உணர்வு வினோதமானது. ஒரே வீட்டில் சுவர்களுக்கு மட்டும் வேறு வண்ணம் அடித்ததுபோல இருக்கும்.

அமைதியான ஒரு பள்ளத்தாக்கில் எளிய இளைஞன் ஷியா வாழ்கிறான். உயரமான, மர்மமான அலனான் என்பவர் வந்து அவன் மூலமாகவே தீமையை அழிக்க முடியும் என்கிறார். கரிய சிறகுடைய தூதர்கள் அவனைத் தேடி வருகிறார்கள். விசுவாசமுள்ள சகோதரன் ஃபிளிக்குடன் அவன் தப்பி ஓடுகிறான். குள்ளர்களின் நகரில் ஆலோசனை நடக்கிறது, பல இனத்தவர் அடங்கிய குழு புறப்படுகிறது. வழிகாட்டி ஒரு சண்டையில் நெருப்புக் குழியில் விழுகிறார், இறந்துவிட்டதாக எல்லோரும் நினைக்கிறார்கள், அவர் திரும்பி வருகிறார். குழு பிரிகிறது. மதில் சூழ்ந்த பெருநகரம் முற்றுகைக்கு உள்ளாகிறது. டோல்கீனைப் படித்தவருக்கு ஒவ்வொரு திருப்பமும் முன்கூட்டியே தெரிந்துவிடும். அமெரிக்க விமரிசகரும் தொகுப்பாசிரியருமான லின் கார்ட்டர் இந்நூலைக் கடுமையாகத் தாக்கினார். ஆனால் நூல் பெருமளவில் விற்றது. டோல்கீன் 1973இல் மறைந்துவிட்டார், அவருடையதைப் போன்ற இன்னொன்றுக்கு வாசகர்கள் காத்திருந்தார்கள். அதே 1977இல் டோல்கீனின் மகன் தொகுத்த 'தி சில்மரில்லியன்' வெளிவந்தது. அதைப் புரட்டிப் பார்த்துத் திணறிய பலருக்குப் புரூக்ஸின் நூல் எளிதாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

புரூக்ஸின் பிழை எது? எல்ஃபுகளையும் குள்ளர்களையும் எடுத்துக்கொண்டது பிழையல்ல. அவை டோல்கீனுக்கும் சொந்தமானவை அல்ல. புரூக்ஸ் நிகழ்ச்சிகளின் வரிசையை எடுத்துக்கொண்டார், அந்த வரிசையை உண்டாக்கிய துயரத்தை விட்டுவிட்டார். டோல்கீன் 1916இல் சோம் போர்முனையில் இருந்தவர். நெருங்கிய நண்பர்களை அந்தப் போரில் இழந்தவர். அவருடைய ஃப்ரோடோ இறுதிக் கணத்தில் தோற்கிறான். மோதிரத்தை நெருப்பில் எறிய அவனால் முடிவதில்லை, அது தன்னுடையது என்கிறான். உலகம் காப்பாற்றப்படுவது அவன் மன உறுதியால் அல்ல. ஊருக்குத் திரும்பிய பின்னும் அவனால் அங்கே வாழ முடிவதில்லை. இந்த முடிவுக்காகவே முந்தைய ஆயிரம் பக்கங்களும் அந்த வரிசையில் இருக்கின்றன. ஷியா வீடு திரும்புகிறான், கதை முடிகிறது.

ஆனால் அந்த நாவலிலேயே புரூக்ஸுக்கு மட்டும் உரிய இரண்டு இடங்கள் உண்டு, விமரிசனங்களில் இவை பெரும்பாலும் பேசப்படுவதில்லை. ஒன்று, ஒரு கையை இழந்த திருடன் பனமோன் க்ரீலும் அவனுடைய வாய் பேசாத துணைவன் கெல்ட்ஸெட்டும். இவர்கள் வரும் பக்கங்களில் நடை சட்டென்று உயிர்பெறுகிறது, ஏனென்றால் இவர்களுக்கு முன்மாதிரி கையில் இல்லை. மற்றொன்று, அந்த வாள். அது யாரையும் வெட்டுவதற்கானதல்ல. ஏந்துபவருக்கும் எதிரிக்கும் தத்தம் உண்மையைக் காட்டும் கருவி அது. ஷியா முதலில் தன் சிறுமைகளைப் பார்த்துத் தாங்கியாக வேண்டும். வார்லாக் லார்ட் எனப்படும் பகைவனோ, தான் எப்போதோ இறந்துவிட்டதை மறுப்பதாலேயே உலவிக்கொண்டிருப்பவன். உண்மையைக் கண்டதும் அவன் இல்லாமல் போகிறான். இது டோல்கீனிடம் இல்லாத கருத்து, நல்ல கருத்து. இதற்கு ஏற்ற கதையைத் தேடாமல் வேறொருவருடைய கதையின் முடிவில் கொண்டுபோய் வைத்ததுதான் வருத்தம். 1982இல் வந்த அடுத்த நாவலான 'தி எல்ஃப்ஸ்டோன்ஸ் ஆஃப் ஷன்னாரா'வில் அவர் தம் காலில் நிற்கிறார். அதில் ஆம்பர்லி என்ற பெண் தன் மக்களைக் காக்க ஒரு மரமாக மாற வேண்டியிருக்கிறது. அதைத் தவிர்க்கவே அவள் நெடுந்தொலைவு ஓடியிருக்கிறாள் என்று அறியும்போது ஏற்படும் கனம் யாரிடமிருந்தும் வாங்கியதல்ல.

அதே 1977இல் ஸ்டீஃபன் டொனால்ட்சனின் 'லார்ட் ஃபவுல்ஸ் பேன்' வந்தது. அதிலும் மோதிரம் இருக்கிறது, இருளின் தலைவன் இருக்கிறான், வேற்றுலகம் இருக்கிறது. ஆனால் நாயகன் தாமஸ் கோவனன்ட் ஒரு தொழுநோயாளி, மனைவியால் கைவிடப்பட்டவன். மோதிரம் அவனுடைய திருமண மோதிரம். உணர்விழந்த கைகால்களைக் கண்ணால் பார்த்துப் பார்த்தே காத்துக்கொள்ளப் பழகியவன், கற்பனைக்கு இடம் கொடுத்தால் செத்துப்போவோம் என்று நம்புகிறவன். அவன் ஓர் அற்புத உலகில் விழுகிறான், அதை நம்ப மறுக்கிறான். நம்ப மறுப்பதன் பெயரால் அங்கே ஒரு பெண்ணுக்குக் கொடுமை இழைக்கிறான், அதன் விளைவு மூன்று நூல்களிலும் தொடர்கிறது. இந்த நாவலை விரும்பாதவர்கள் பலர் உண்டு. எனக்கும் இதன் நடை பல இடங்களில் சுமையாகவே இருந்தது. ஆனால் இதை டோல்கீனின் நகல் என்று சொல்ல முடியாது. பொருள்கள் ஒன்றாக இருந்தும் கேள்வி வேறாக இருப்பதுதான் காரணம்.

அகப்பையும் பானையும்

டோல்கீனே எங்கிருந்து எடுத்தார் என்று கேட்பது நியாயம். 1937இல் வந்த 'தி ஹாபிட்' நாவலின் குள்ளர்களின் பெயர்களும் கண்டால்ஃப் என்ற பெயரும் பழைய நோர்ஸ் பாடலான 'வொலுஸ்பா'வில் உள்ள பெயர்ப் பட்டியலிலிருந்து வந்தவை. உறங்கும் டிராகனின் புதையலிலிருந்து கிண்ணம் திருடப்படுவது 'பேவுல்ஃப்' காவியத்தில் இருக்கிறது. டூரின் கதைக்குப் பின்னால் ஃபின்லாந்தின் 'கலெவலா'வில் வரும் குல்லெர்வோ நிற்கிறான். அணிந்தவரை மறைக்கும் மோதிரம் பிளாட்டோவின் 'குடியரசு' நூலிலேயே உண்டு. யாரும் பார்க்காதபோது ஒருவன் ஏன் நேர்மையாக இருக்க வேண்டும் என்ற வாதத்துக்காக அங்கே அது வருகிறது. அதே சமயம், வாக்னரின் இசை நாடகத்து மோதிரத்தோடு தம் மோதிரத்தை ஒப்பிட்டபோது டோல்கீன் எரிச்சலடைந்தார். இரண்டும் வட்டமானவை, அதற்கு மேல் ஒற்றுமை இல்லை என்ற பொருளில் பதில் எழுதினார். இந்த அச்சம் பெரியவர்களையும் விட்டதில்லை.

1939இல் ஆற்றிய தேவதைக் கதைகள் பற்றிய உரையில் டோல்கீன் ஓர் உருவகத்தைப் பயன்படுத்துகிறார். கதை என்பது காலங்காலமாக அடுப்பில் கொதிக்கும் ஒரு பானை. வரலாறும் தொன்மமும் நாட்டார் கதையும் அதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. சமைப்பவர் அகப்பையை விட்டு முகக்கிறார். நமக்கு இது புதிய உருவகமல்ல. சீவக சிந்தாமணியிலிருந்து ஓர் அகப்பை முகந்துகொண்டதாகக் கம்பர் ஒப்புக்கொண்டார் என்று செவிவழிக் கதை ஒன்று உண்டு. அகப்பை என்ற சொல்லில் திருட்டின் கூச்சம் இல்லை, முகந்தவரின் மரியாதையே இருக்கிறது.

தமிழ் இலக்கண மரபு இதை வெளிப்படையாகவே வகைப்படுத்தியது. தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் என்று பிரித்து, வழிநூல் செய்யும் முறைகளைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக்குகிறது. நன்னூல் சார்புநூல் என்ற மூன்றாவதையும் சேர்த்து, வழிநூலுக்கு ஒரு நிபந்தனை வைக்கிறது: முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துப் போக வேண்டும், ஆனால் பின்வந்தவன் தான் வேண்டும் வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். இலக்கண நூல்களை மனத்தில் வைத்துச் சொன்னதுதான், நாவலுக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் அந்தக் 'விகற்பம்' என்ற சொல்லை மிகைபுனைவு எழுதுவோர் கடன் வாங்கிக்கொள்ளலாம். கம்பனில் மிதிலைத் தெருவில் இராமனும் சீதையும் மணத்துக்கு முன்பே கண்ணோடு கண் நோக்குகிறார்கள். வான்மீகியில் அது இல்லை. கம்பனின் இராவணன் சீதையைத் தீண்டாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துச் செல்கிறான். அதுவும் வான்மீகியில் இல்லை. இரணியன் வதைப் படலம் முழுவதுமே கம்பன் தன் காவியத்தில் புதிதாகச் சேர்த்தது. கதை தெரிந்த கதை. ஆனால் இந்த மூன்று இடங்களிலும் காதல், கற்பு, கடவுள் பற்றிய இன்னொரு காலத்தின், இன்னொரு நிலத்தின் எண்ணம் பேசுகிறது.

அமுதசுரபி

ஒற்றுமை என்பது எங்கே முடிகிறது, வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்ட மணிமேகலையின் பாத்திரத்தைவிடப் பொருத்தமான சான்றை நான் அறியேன்.

எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் உலக நாட்டார் கதைகளில் எங்கும் உண்டு. மகாபாரத வனபருவத்தில் சூரியன் தருமனுக்கு ஒரு பாத்திரம் தருகிறான். திரௌபதி உண்டு முடிக்கும்வரை அதில் உணவு குறையாது. காட்டில் விருந்தோம்பும் அரசனின் மானத்தை அது காக்கிறது. துருவாசர் சீடர்களோடு அகாலத்தில் வரும்போது மானத்துக்கு நெருக்கடி வருகிறது. அங்கே கேள்வி இல்லறத்தானின் விருந்தறம் பற்றியது.

சாத்தனார் ஏறக்குறைய இதே பொருளைக் கையிலெடுக்கிறார். மதுரையில் சிந்தாதேவி ஆபுத்திரனுக்கு அமுதசுரபியைத் தருகிறாள். அவன் ஏழைகளுக்கு உணவிடுகிறான். இந்திரனால் மழை பெய்து நாடு செழிக்கிறது, பசித்தவரே இல்லை. பாத்திரம் வேலையற்றுப் போகிறது, அவனை ஊரார் நகைக்கிறார்கள். சாவகத்தில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறுகிறான். மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு. கையில் வற்றாத பாத்திரம். பிறருக்கு இடாமல் தான் மட்டும் உண்ண அவனுக்கு மனம் வரவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் துறக்கிறான்.

பொருள் ஒன்றுதான். மந்திரம் என்ன செய்யும் என்பதும் ஒன்றுதான். ஆனால் வற்றாத பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் பட்டினியால் சாகும் காட்சி சாத்தனாருக்கு மட்டுமே உரியது. கொடுப்பதற்கு எதிரே ஒருவர் இல்லாதபோது கொடையின் பொருள் என்ன என்று அவர் கேட்கிறார். அந்தக் கேள்வி பின்னர் மணிமேகலையின் கையில் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுவதுவரை வளர்கிறது. இதைப் படித்த எவரும் 'வற்றாத பாத்திரம் ஏற்கெனவே வந்துவிட்டது' என்று சாத்தனாரை நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

மந்திரப் பள்ளிகளுக்கும் இதே வாசிப்பு தகும். உர்சுலா கே. லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' 1968இல் ரோக் தீவின் பள்ளியைக் காட்டியது. ஜில் மர்ஃபியின் 'தி வொர்ஸ்ட் விட்ச்' 1974. ஈவா இபட்சனின் 'தி சீக்ரெட் ஆஃப் பிளாட்ஃபார்ம் 13' நாவலில் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் மறைவான வாயில் ஒன்று உண்டு, ஆண்டு 1994. நீல் கெய்மனின் படக்கதையில் கண்ணாடி அணிந்த கருந்தலைச் சிறுவனும் ஆந்தையும் 1990லேயே வந்துவிட்டார்கள். தம்மிடமிருந்து எடுக்கப்பட்டதாகக் கெய்மன் கருதவில்லை, இருவருமே டி.எச். வைட்டிடமிருந்து எடுத்ததாகச் சொல்லிச் சிரித்துவிட்டார். லெ குவினும் திருட்டு என்று சொல்லவில்லை. முன்னோடிகளை நினைவுகூர்வதில் ரௌலிங் இன்னும் தாராளமாக இருந்திருக்கலாம் என்றே குறைப்பட்டார். அது சரியான குறை என்று நினைக்கிறேன். லெ குவினின் பள்ளியில் கெட் தன் கர்வத்தால் ஒரு நிழலை அவிழ்த்துவிடுகிறான். கடைசியில் அந்த நிழலுக்குத் தன் பெயரையே இட்டு அழைக்கிறான். அங்கே பகைவன் வெளியே இல்லை. ஹாரிக்குப் பகைவன் வெளியே இருக்கிறான், பள்ளி அவனுக்கு முதன்முதலாகக் கிடைத்த வீடு. பள்ளிகள் இரண்டும் ஒன்றல்ல.

தெரியாமல் நுழையும் ஒற்றுமை

எழுத்தாளர் அஞ்சும் ஒற்றுமை பெரும்பாலும் ஆபத்தற்றது. அஞ்சாமல் விட்டுவிடும் ஒற்றுமையே நாவலைக் கெடுக்கிறது. டயானா வின் ஜோன்ஸ் 1996இல் 'தி டஃப் கைட் டு ஃபேன்டஸிலேண்ட்' என்ற கேலி நூலை எழுதினார். மிகைபுனைவு நாடுகளுக்குச் செல்லும் சுற்றுலாப் பயணிக்கான கையேடு போல அது அமைந்திருக்கும். அந்த நாடுகளில் எங்கே போனாலும் ஒரே உணவு, இறைச்சிக் குழம்பு. குதிரைகள் களைப்பதில்லை, இயந்திரம்போல ஓடுகின்றன. ஜோன்ஸ் கேலி செய்வது டிராகனை அல்ல, குழம்பை. எழுதியவர் யோசிக்காமல் இரவல் வாங்கியது அங்கேதான் தெரிகிறது. டிராகனை வைக்கும்போது யாரும் ஒருமுறை யோசிப்பார்கள். குழம்பை யோசிப்பதில்லை.

தமிழில் எழுத முனைவோருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். சோழர் காலத்தை ஒத்த ஒரு கற்பனை நாட்டில் திடீரென்று மரத்தாலான விடுதி, நடுவில் கணப்பு, முக்காடிட்ட அந்நியன் மூலையில். வெயில் நாட்டில் எதற்குக் கணப்பு? பூம்புகாரின் நாற்சந்தியில் பொய்சொல்பவரையும் அறந்தவறியவரையும் பாசக்கயிற்றால் கட்டி விழுங்கும் சதுக்கப்பூதம் சிலப்பதிகாரத்தில் காத்திருக்கிறது. அதை எடுத்தாண்டாலும் அசலாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். எல்ஃபுக்குப் பதில் கந்தர்வன், டிராகனுக்குப் பதில் யாளி என்று பெயரை மட்டும் மாற்றுவது புரூக்ஸ் செய்ததைவிட எளிய வேலை. அந்தப் பூதம் இருக்கும் நகரத்தில் மக்கள் எப்படிப் பேரம் பேசுவார்கள், கணவன் மனைவியிடம் எதைச் சொல்லாமல் இருப்பான், நீதிமன்றத்துக்கு வேலை உண்டா என்று கேட்கத் தொடங்கினால், மூன்றாவது கேள்வியில் முன்மாதிரி நூல் எதுவும் உதவாது. அங்கிருந்து எழுதுவது எழுதுபவருடையது.

நகல்போலத் தோன்றும் கையெழுத்துப்படிகளைப் பார்த்தால், எழுதியவர் அதிகம் படித்தவர் என்பதைவிட ஒரே நூலைப் பலமுறை படித்தவர் என்பதே தெரியவரும். புரூக்ஸிடம் டோல்கீன் தெரிகிறார். டோல்கீனிடம் பேவுல்ஃப், எட்டா, கலெவலா, சோம் போர்முனை, கிராமத்துப் பால்யம் என்று பலவும் கரைந்துவிட்டதால் எதுவும் தனியே தெரிவதில்லை. ஒற்றுமைக்கு அஞ்சிப் படிப்பதை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அவர்களிடம் ஏற்கெனவே படித்த அந்த ஒரு நூல்தான் கரையாமல் கிடக்கும்.

லெ குவின் எழுபதுகளின் தொடக்கத்தில் எர்த்ஸீ வரிசையின் முதல் மூன்று நூல்களை முடித்தபோது, மந்திரம் ஆண்களுக்குரியது என்ற பழைய வழக்கத்தைத் தாமும் கேட்காமல் ஏற்றுக்கொண்டிருந்தார். ரோக் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. யாரும் அதை நகல் என்று குற்றம் சாட்டவில்லை, அவரே பின்னர் கண்டுகொண்டார். 1990இல் 'தெஹானு' வந்தது. தீவுகள் அவையே, மாந்தரிலும் பலர் அவரே. ஆனால் கெட் ஆற்றலை இழந்து, வெட்கத்தோடு ஒளிந்துகொள்ள இடம் தேடும் முதியவன். கதை டெனார் என்ற நடுவயது விதவையின் பண்ணை வீட்டில் நடக்கிறது. முகம் பாதி எரிந்த ஒரு குழந்தைக்கு எப்படிக் கஞ்சி ஊட்டுவது, அதன் சட்டையை எந்தத் துணியில் தைத்தால் தழும்பில் உறுத்தாது என்பவை அந்த நாவலில் மந்திரத்தைவிடப் பெரிய காரியங்கள்.